அணையா அடுப்பு

பழைய குவார்ட்ஸ் அதிர்வெண் கருவி ஒன்றை விற்க வருபவர், அது எத்தனை வருடமாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்வார். எந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தது, எந்தத் தொலைபேசி நிலையத்தில் இருந்தது, கடைசியாக எந்த ஆண்டு சரிபார்க்கப்பட்டது என்பதெல்லாம் அடுத்து வரும். விலை கடைசியில்தான். ஒரு மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பதுபோல இந்தச் சந்தைக்கும் அதற்கே உரிய பார்வை உண்டு.

பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். குவார்ட்ஸ் படிகத்தைக் குறிப்பிட்ட கோணத்தில் மெல்லிய தகடாக அறுத்து, இரண்டு பக்கமும் மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். தகட்டின் தடிமன்தான் அதிர்வின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. விநாடிக்கு 50 லட்சம் முறை என்றால் 50 லட்சம் முறை. வெப்பம் மாறினால் இந்த எண்ணிக்கை சற்றே பிசகும். அதனால் படிகத்தை ஒரு சிறு உலோகக் கூட்டுக்குள் வைத்து, 70, 80 டிகிரி சூட்டில் மாறாமல் காக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குப் பெயரே ‘ஓவன்’தான். நம் பாஷையில் அடுப்பு. அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் செய்த 105பி போன்ற பெட்டிகளின் அதிர்வெண், ஒரு நாளில் ஆயிரம் கோடியில் ஐந்து பங்குக்கு மேல் நகராது என்பது தயாரிப்பாளரின் உறுதி. அவ்வளவு பிசகு உள்ள ஒரு கடிகாரம் முழுதாக ஒரு விநாடி தப்ப 63 ஆண்டுகள் ஆகும்.

புதுப் படிகம் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். மாதங்களும் வருடங்களும் ஓட ஓட அந்த நகர்வு அடங்கும். இதை ‘மூப்பு’ என்கிறார்கள். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் விட்ட இடத்துக்கே அது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. எனவே முப்பது வருடம் தொடர்ந்து சூட்டில் கிடந்த கிழட்டுப் பெட்டிக்கு மவுசு அதிகம். வயது ஏற ஏற மதிப்பும் ஏறுகிற ஒன்றை ஆண்கள் இத்தனை ஆசையாகப் பேசிக் கேட்பது எனக்குப் புதிதாக இருந்தது. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அணையா அடுப்பை நாம் அறிவோம். இவர்கள் வீட்டு மாடியிலும் நிலவறையிலும், மின்சாரம் போனாலும் அணையாதபடி பேட்டரி கட்டி, ஆளுக்கொரு அணையா அடுப்பு வைத்திருக்கிறார்கள். அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பெட்டிகள் கைமாறும் இடங்கள் சில உண்டு. ஓஹையோ மாநிலத்தில் 1952 முதல் நடந்துவரும் டேட்டன் ஹாம்வென்ஷன் பெரியது. 2017இல் அது பக்கத்து ஊரான ஸீனியாவுக்கு இடம் மாறியது. பாஸ்டன் பக்கத்தில் எம்ஐடி வளாகத்தில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதத்தின் மூன்றாம் ஞாயிறு கூடும் சந்தை இன்னொன்று. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபென் என்ற ஏரிக்கரை ஊரில் கோடைதோறும் ஹாம் ரேடியோ கண்காட்சி நடக்கும். அங்கே புதுப் பொருள் அரங்குகளைத் தாண்டி உள்ளே போனால் பழம்பொருள் மேசைகள் வரிசை வரிசையாக இருக்கும்.

படிப்புக்காக ஜெர்மனியில் இருந்த ஆண்டுகளில் அங்கே ஒருமுறை போனேன். ஒரு முதியவர் தன் பெட்டியை மேசைக்கு அடியில் இருந்த கார் பேட்டரியோடு இணைத்து வைத்திருந்தார். சூடு ஆறாமல் இருக்கத்தான். தொட்டுப் பார்க்கச் சொன்னார்; குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்த்தேன், இதமாக இருந்தது. பேரம் பேசி 90 யூரோவுக்கு முடித்தபோது, “உங்கள் கணவருக்கா, அப்பாவுக்கா?” என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் நல்லபடியாகவே பேசினார், ஆனால் நான் கேட்காத பாலபாடங்களையெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதிர்வெண் அளவீட்டில் அப்போது நான் ஆய்வுப் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் இருந்தேன்.

அவர் கெட்டவரல்ல. அந்தச் சந்தையின் மொழியே அப்படி. வானொலி ஆர்வலர்கள் தந்திக்குறியில் பேசிய காலத்துச் சுருக்கெழுத்தில் பெண்ணுக்கு ‘ஒய்எல்’ என்று பெயர், அதாவது இளம்பெண். எண்பது வயதானாலும் ஒய்எல்தான். மனைவி என்றால் ‘எக்ஸ்-ஒய்எல்’, முன்னாள் இளம்பெண். இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே எதெல் ஸ்மித் 1939இல் பெண் வானொலியாளர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார், யங் லேடீஸ் ரேடியோ லீக். அது இன்றும் இருக்கிறது. இறந்துபோன உறுப்பினரை ‘அடங்கிய சாவி’ என்பார்கள். தந்திச் சாவி இனி ஓசை எழுப்பாது என்ற பொருளில். அழகான சொல். அந்த அடங்கிய சாவிகளின் வீட்டிலிருந்துதான் நல்ல பெட்டிகள் பலவும் சந்தைக்கு வருகின்றன. விற்பவர் விதவை. இதைச் சுற்றி ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நகைச்சுவை உண்டு: ‘நான் செத்த பிறகு, வாங்கிய விலை என்று நான் அவளிடம் சொன்ன விலைக்கே அவள் இதை விற்றுவிடுவாளோ என்பதுதான் என் பயம்.’ சிரிப்பு அடங்கிய பிறகு இதை மறுபடி வாசித்துப் பாருங்கள். கணவன் கணக்கை மறைத்திருக்கிறான், குடும்பப் பணத்தை எடுத்திருக்கிறான். அறியாமையின் பழி மட்டும் அவள் தலையில்.

நேரத்தின் தரத்தை விற்ற விதவைகள் என்று தேடினால் வரலாற்றில் முதலில் நிற்பவர் மரியா பெல்வில். அவருடைய கணவர் ஜான் ஹென்றி பெல்வில், லண்டன் கிரீனிச் வான்நோக்கு நிலையத்தில் உதவியாளர். 1836 முதல், நிலையத்தின் துல்லிய நேரத்தை ஒரு பைக்கடிகாரத்தில் ஏற்றிக்கொண்டு போய், நகரத்துக் கடிகாரக் கடைகளுக்கும் மற்றவர்களுக்கும் கட்டணத்துக்குக் காட்டிவந்தார். வாடிக்கையாளர்கள் சுமார் 200 பேர். கடிகாரம் ஜான் ஆர்னால்டு செய்தது, எண் 485. சசெக்ஸ் கோமகனுக்காகச் செய்யப்பட்ட தங்கக் கடிகாரம் என்பதால், திருடர் பயத்தில் அதை வெள்ளிக் கூட்டுக்கு மாற்றிக்கொண்டார்களாம். 1856இல் அவர் இறந்தபோது மரியாவின் கையில் இரண்டு வயதுப் பெண்குழந்தை. ஓய்வூதியம் கிடைக்கவில்லை. வாரந்தோறும் நிலையத்துக்கு வந்து கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் அனுமதி கிடைத்தது. அதை வைத்து 36 ஆண்டுகள் பிழைப்பு நடத்தினார். 1892இல் அந்தக் குழந்தை, ரூத், தன் 38ஆம் வயதில் தாயிடமிருந்து தொழிலை வாங்கிக்கொண்டார்.

ரூத் பெல்வில் செய்ததை இன்றைய ஆர்வலர்கள் மிக எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ஓர் உயர் தரத்தோடு தன் கருவியை ஒப்பிடுவது, எத்தனை பிசகு என்று எழுத்தில் சான்று வாங்குவது, பிறகு அந்தக் கருவியைச் சுமந்துபோய் அடுத்தவர் கருவியோடு ஒப்பிடுவது. கடிகாரத்துக்கு ‘ஆர்னால்டு’ என்று ஆள் பெயர் வைத்திருந்தார். தந்தி வழியாக நேரம் அனுப்பும் நிறுவனங்கள் வந்த பிறகும் அவருடைய வாடிக்கையாளர்களில் பலர் விலகவில்லை. 1908இல் அப்படிப்பட்ட போட்டி நிறுவனமான ஸ்டாண்டர்ட் டைம் கம்பெனியின் இயக்குநர் செயின்ட் ஜான் வின், வணிகர்கள் கூட்டமொன்றில் அவரைப் பற்றிப் பேசினார். ஓர் ஆணுக்கு இந்தச் சலுகை கிடைத்திருக்காது, பெண் என்பதை வைத்துக் காரியம் சாதிக்கிறார் என்பது பேச்சின் சாரம். செய்தி நாளிதழில் வந்தது. நிருபர்கள் ரூத்தின் வாசலில் குவிந்தார்கள். வாடிக்கையாளர்கள் கூடினார்கள் என்பது இந்தக் கதையின் வேடிக்கையான முடிவு. வின் விற்ற பொருளும் ரூத் விற்ற பொருளும் ஒன்றேதான், கிரீனிச் நேரம். ஆனால் அவர் விற்றால் வணிகம், இவர் விற்றால் பெண்மை.

1936 ஜூலை 24 அன்று இங்கிலாந்தில் தொலைபேசியில் நேரம் சொல்லும் சேவை தொடங்கியது. அதன் குரல் எதெல் கெய்ன் என்ற தொலைபேசி ஊழியருடையது. நேரம் சுமந்த பெண்ணின் உடலுக்குப் போட்டியாக வந்தது இன்னொரு பெண்ணின் பதிவுசெய்த குரல். ரூத் அதற்குப் பிறகும் நடந்தார். உலகப் போர் வந்து லண்டன் தெருக்கள் வயதான பெண்ணுக்கு ஆபத்தான பிறகு, 1940இல்தான் நிறுத்தினார். அப்போது வயது 86.

அதே போர்தான் குவார்ட்ஸை ஆய்வுக்கூடத்திலிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தது. அதுவரை குவார்ட்ஸின் வரலாறு ஆண்களின் பெயர்ப் பட்டியலாகவே சொல்லப்படுகிறது. அழுத்தினால் படிகம் மின்னூட்டம் தரும் என்று 1880இல் கண்டவர்கள் ஷாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள். 1920களில் படிகத்தை வானொலிக்குக் கொண்டுவந்தவர் வால்டர் கேடி. 1927இல் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் குவார்ட்ஸ் கடிகாரம் செய்தவர்கள் வாரன் மாரிசனும் ஜே. டபிள்யூ. ஹார்ட்டனும். இந்தப் பட்டியலில் ஓர் இடைவெளி இருக்கிறது. 1897இன் இறுதியில் யுரேனியக் கதிர்களை அளக்க உட்கார்ந்த மரி கியூரி பயன்படுத்தியது அந்தச் சகோதரர்களின் குவார்ட்ஸ் கருவியைத்தான். எடை வைத்துப் படிகத்தை இழுத்து, அது தரும் மின்னூட்டத்தால் கதிர் உண்டாக்கும் நுண்ணிய மின்னோட்டத்தைச் சமன்செய்து, அதற்கு ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். கை நடுங்கினால் அளவு போயிற்று. குவார்ட்ஸை ஓர் அளவுகோலாக வைத்து அறிவியலையே திருப்பிப்போட்ட முதல் ஆள் ஒரு பெண். குவார்ட்ஸ் வரலாறுகளில் அவர் பெரும்பாலும் ‘பியேரின் மனைவி’யாக ஒரு வரியில் வந்து போகிறார்.

இனி தொழிற்சாலை. போருக்கு முன் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சில பத்தாயிரங்களில் செய்யப்பட்ட படிகங்கள், போர் முடிவதற்குள் கோடிக் கணக்கில் செய்யப்பட்டன. டாங்கிகளிலும் விமானங்களிலும் வானொலிகள் அலைவரிசை தவறாமல் பேச ஒவ்வொன்றுக்கும் படிகங்கள் வேண்டும். கல் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தது. அதை அறுத்துத் தேய்த்துத் தகடாக்கும் வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். நியூயார்க்கின் ரீவ்ஸ் சவுண்ட் லேபரட்டரீஸ் 1943இல் எடுத்த ‘கிரிஸ்டல்ஸ் கோ டு வார்’ என்ற படத்தில் இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கலாம். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்லை எண்ணெய்த் தொட்டியில் முக்கி, முனைவாக்கிய ஒளியில் உள்குறைகளைத் தேடுகிறார்கள். வைர ரம்பத்தால் அறுக்கிறார்கள். எக்ஸ்-கதிர்க் கருவியின் முன் உட்கார்ந்து அறுத்த கோணத்தைச் சரிபார்க்கிறார்கள். தேய்க்கிறார்கள், கழுவுகிறார்கள், அளக்கிறார்கள், மறுபடி தேய்க்கிறார்கள்.

கடைசித் தேய்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. 8 மெகாஹெர்ட்ஸ் தகட்டின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். அதில் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கூடுதலாகத் தேய்ந்தால் அதிர்வெண் ஏறக்குறைய 40 கிலோஹெர்ட்ஸ் எகிறிவிடும். ராணுவம் கேட்ட துல்லியம் அதைவிட நெருக்கமானது. கண்ணாடிப் பலகையில் தேய்ப்புத் தூள் கலந்த குழம்பைத் தடவி, தகட்டை விரல் நுனியால் அழுத்தி எட்டுப்போல் சுழற்றித் தேய்க்க வேண்டும். சில சுற்றுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, துடைத்து, கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். தேய்த்தால் அதிர்வெண் ஏறும், இறங்காது. தாண்டிவிட்டால் தாண்டியதுதான். எந்த விரலுக்கு எவ்வளவு அழுத்தம் என்று எந்தக் கையேட்டிலும் எழுத முடியாது. கோலம் போடுகிறவளிடம் இரண்டு விரலுக்கு நடுவில் எவ்வளவு மாவு விட வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வாள்?

இந்தத் தேர்ச்சிக்குத் தொழிற்சாலை முதலாளிகள் ஒரு பெயர் வைத்தார்கள்: பெண்களின் இயல்பான கைநளினம். தையலும் பின்னலும் செய்த விரல்களுக்கு இது தானாக வரும் என்றார்கள். இயல்பாக வருவது என்று சொல்லிவிட்டால் அது கற்ற தொழில் ஆகாது. தொழில் ஆகாததற்குத் தொழிலாளியின் கூலி வேண்டாம். 1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் இருவரும் எழுதிய கட்டுரை இதை அவிழ்த்துக் காட்டியது: சிறு வயதிலிருந்து வீட்டில் தாயிடம் பெற்ற பயிற்சியைப் பயிற்சியாகவே கணக்கில் எடுக்காததுதான் ‘சுறுசுறுப்பான விரல்கள்’ என்ற பாராட்டின் உள்ளடக்கம். 1965 முதல் 1975 வரை நியூ மெக்ஸிகோவின் ஷிப்ராக்கில் ஃபேர்சைல்டு நிறுவனம் நவஹோ பெண்களை வைத்துச் சில்லுகள் செய்தபோது, கம்பளம் நெய்யும் மரபு அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று விளம்பரம் போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை கைப்பேசி செய்த நோக்கியா ஆலையில் பெரும்பான்மையாக வேலைபார்த்தவர்களும் இளம்பெண்கள்தான். அவர்கள் தொட்ட ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் குவார்ட்ஸ் படிகம் இருந்தது.

1943 வாக்கில் ஒரு சிக்கல் வந்தது. சரியாகச் செய்து, சோதித்து, பெட்டியில் மூடி அனுப்பிய படிகங்கள் கிடங்கிலேயே அலைவரிசை மாறின. சில ஓடவே மறுத்தன. தேய்ப்பில் குலைந்த மேற்பரப்பின் நுண்துகள்கள் ஈரம்பட்டு மெல்ல உதிர்வதுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கடைசித் தேய்ப்புக்குப் பதில் அமிலத்தால் அரித்து அதிர்வெண்ணை எட்டுவது தீர்வாயிற்று. அமிலத் தொட்டியில் கை வைத்ததும் அதே தொழிலாளர்கள். இன்று ஆர்வலர்கள் மரியாதையோடு உச்சரிக்கும் ‘மூப்பு’ என்ற சொல்லின் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. மூப்பு குறைந்த படிகம் என்பது மேற்பரப்பு சுத்தமான படிகம். யாரோ சுத்தமாக வைத்ததால் சுத்தமான படிகம்.

போர் முடிந்ததும் மிச்சப் படிகங்கள் எஃப்டி-243 என்ற கறுப்புப் பிளாஸ்டிக் கூட்டோடு மலைமலையாக உபரிச் சந்தைக்கு வந்தன. வானொலி ஆர்வலர்களின் பழம்பொருள் வாங்கல் விற்றல் பெருகியதே இந்தக் குவியலால்தான். வேண்டிய அலைவரிசை கிடைக்காவிட்டால் கூட்டைத் திறந்து, தகட்டைக் கண்ணாடிமேல் தாங்களே தேய்த்துக்கொண்டார்கள். தாண்டிவிட்டால் பென்சிலால் கோடு போட்டு எடை ஏற்றி இறக்கினார்கள். நாள் முழுதும் கூலிக்குப் பெண்கள் செய்த வேலை, வார இறுதியில் ஆண்கள் செய்தபோது கைவினைக் கலையாயிற்று. அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள், குறிப்புகள் பரிமாறினார்கள், நல்ல கைக்காரர் என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள்.

இந்தப் பொருள்களின் மறுமுனையையும் சொல்ல வேண்டும். 2000த்துக்குப் பின் உலகெங்கும் பழைய தொலைத்தொடர்பு நிலையங்கள் கழிக்கப்பட்டபோது, அவற்றின் பலகைகளில் இருந்த ஓவன் படிகங்கள் சீனாவிலிருந்து மிக மலிவாக விற்பனைக்கு வந்தன. கால்கள் குட்டையாக, ஈயம் ஒட்டிய தடயத்தோடு வரும் அவற்றைப் பார்த்ததுமே பெயர்த்து எடுத்தது என்று தெரியும். யார் பெயர்த்தது? குவாங்டாங் மாகாணத்தின் குய்யூ என்ற ஊரில் மின்னணுக் கழிவு பிரிக்கப்பட்ட விதத்தை 2002இல் பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் அறிக்கை வெளியே கொண்டுவந்தது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் நிலக்கரி அடுப்பின் மேல் பலகையைச் சூடாக்கி, ஈயத்தை உருக்கி, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தார்கள். புகை முகத்துக்கு நேராக வந்தது. என்னிடம் இருக்கும் படிகம் எந்த ஊரில் பெயர்க்கப்பட்டது என்று அதன் மேல் எழுதியிருக்காது. ஆனால் அதுவும் ஏதோ ஓர் அடுப்பைக் கடந்து வந்தது.

எனக்குச் சந்தைமேல் கோபமில்லை. குப்பைக்குப் போக வேண்டியதைக் காப்பாற்றி, பழுதுபார்த்து, ஓடவைக்கும் இந்த மனிதர்களை எனக்குப் பிடிக்கும். ஒரு பெட்டியின் வம்சாவளியை இவர்களைப்போல வேறு யாரும் விசாரிப்பதில்லை. எந்தக் கடற்படைத் தளம், எந்த வரிசை எண், எந்த ஆண்டு ஓவன் மாற்றப்பட்டது, எல்லாம் வேண்டும் அவர்களுக்கு. ஃப்ரீட்ரிஷ்ஹாஃபெனில் வாங்கிய என் பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஒவ்வொரு திருகாணித் தலையிலும் சிவப்புச் சாயப் பொட்டு இருந்தது. சட்டத்தின் ஓரத்தில் நீல மையில் ஒரு வட்ட முத்திரை, நடுவில் 27 என்ற எண். திருகாணி இறுக்கியதை உறுதிசெய்த பரிசோதகரின் எண். முப்பது வருடமாக அந்தப் பெட்டியின் வம்சாவளியைக் காத்துவந்த கோப்பில், அதை வாங்கிய ஐந்து பேரின் பெயரும் இருந்தது.

வீடு மாறுகிறேன், இடம் போதவில்லை, பெட்டியை விற்கிறேன். விளம்பரக் குறிப்பில் வழக்கமானவற்றை எழுதினேன்: 5 மெகாஹெர்ட்ஸ், ஆறு வருடமாக அணைக்கவில்லை, கையேடு உண்டு. கூடவே ஒரு வரி சேர்த்தேன்: ‘தொகுத்ததும் சரிபார்த்ததும் 27ஆம் எண் தொழிலாளி, முத்திரை தெளிவாக உள்ளது.’ இதுவரை மூன்று பேர் விசாரித்திருக்கிறார்கள். மூவரும் கேட்டது, அடுப்பு சூடாகிறதா என்று.